பங்கருக்குள் பன்னிரண்டு மீற்றர்

படிவங்களில் கையெழுத்துக்கென்று ஒரு பெட்டி இருக்கும். முப்பத்தொரு வருடம் ஒஸ்லோ நகரசபையின் பல மாடிகளில் அந்தப் பெட்டிகளைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். நடுங்கிய கையெழுத்து, அவசரக் கையெழுத்து, கணவனுக்காக மனைவி போட்ட கையெழுத்து எல்லாம் எனக்குத் தெரியும். பெட்டியை விட்டு வெளியே போன கையெழுத்து ஒருவருடையதுதான். அது திகதிக்கான இடத்தை மூடி, 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்று சாம்பல் நிறம் பூசியிருந்த பகுதிக்குள் இறங்கி, தாளின் விளிம்பில் வேறு வழியில்லாமல் நின்றது.

"இதுக்குள்ளை போடவேணும்" என்று பெட்டியைக் காட்டினேன்.

"பெட்டியைப் பெருசாக்கும்" என்றார்.

அவர் பேசியது இங்கிலாந்து வாடை போகாத நோர்வே மொழி. நான் என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன். அதனால் அவர் சாவகச்சேரியில் பிறந்தவர் மாதிரி ஒலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நோர்வே மொழியில் நீ, நீர், நீங்கள் மூன்றுக்கும் ஒரே சொல்தான். அவர் என்னைக் கூப்பிட்ட தொனிக்கு 'நீர்' என்பதுதான் நியாயமான மொழிபெயர்ப்பு.

எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடித் தொகுதியில் பக்கத்து வாசலில் குடியிருந்தார். சுவரொட்டிகளும் அச்சுத் துணிகளும் செய்தே வாழ்நாள் முழுக்கச் சீவித்தவர். நான் அந்தத் தொகுதியின் குடியிருப்போர் கூட்டுறவுக்குச் செயலாளர். நகரசபையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பதவியிலிருந்து எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. கூட்டக் குறிப்பு எழுத வேறு யாருக்கும் பொறுமை இல்லை. தமிழ்க் குடும்பங்கள் அவரைப் போஸ்டர் அன்ரி என்றார்கள். என் மனைவி 'உங்கட வெள்ளைக்காரி' என்றா. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், ஏன் இவ்வளவு சின்ன எழுத்தில் எழுதினாய் என்று கேட்பார்.

நாங்கள் எல்லிங்ஸ்ருட்டுக்கு வந்து மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சைரன் ஊதியது. நோர்வேயில் வருடத்துக்கு இரண்டு தடவை அதைச் சோதித்துப் பார்ப்பார்கள். இந்த நாட்டில் பிறந்தவர்கள் கையிலிருக்கும் கோப்பியைக்கூடக் கீழே வைப்பதில்லை. அதற்கு முன் நான் வடகோடியில் ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலையில் இருந்தவன். இயந்திரச் சத்தத்தில் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. மனைவி வந்து இரண்டு மாதம்தான். அவ பாஸ்போட்டும் கலியாணப் பதிவும் என்னுடைய பட்டச் சான்றிதழும் இருந்த பையை எடுத்தா. நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். படியிறங்கினோம். அந்தக் காரியத்தில் எங்களுக்குப் பயிற்சி போதும்.

நிலத்தடியில் பாதுகாப்பு அறை, ஊர்ப் பேச்சில் பங்கர், இருக்கிறது என்று வீட்டு ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் படித்திருந்தேன். தடித்த இரும்புக் கதவு. அது திறந்து கிடந்தது. உள்ளே கண் கூசும் வெளிச்சம். அறையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை ஒரே மேசை. அதன்மேல் இழுத்து ஒட்டிய வெள்ளைத் துணி. துணியில் செம்மஞ்சள் நிறத்தில் பெரிய பெரிய உருண்டைகள். ரப்பர் ஏப்ரன் கட்டிய ஒரு நெட்டைப் பெண் முழங்கை வரை மையோடு எங்களை நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சோதனைச் சத்தம்தான்" என்றார். "வந்தனீங்கள், சும்மா நிக்காமல் அந்தத் தலைப்பைப் பிடியுங்கோ."

பிடித்தோம். மெல்லிய வலை கட்டிய மரச்சட்டத்தைத் துணிமேல் வைத்து, உள்ளே மையை ஊற்றி, ரப்பர்த் தகட்டால் ஓர் இழுவை. சட்டத்தைத் தூக்கினார். பக்கத்து இடத்தை விட்டுவிட்டு அதற்கடுத்த இடத்தில் வைத்தார். மறுபடி ஓர் இழுவை.

"இடைக்கிடை விட்டுப் போட்டா. பிழைச்சுப் போச்சோ?" என்று மனைவி என் காதுக்குள் கேட்டா. நான் மொழிபெயர்த்தேன்.

"ஈரத்துக்கு மேலை சட்டத்தை வைச்சால் கலங்கிப் போகும்" என்றார். "ஒண்டு விட்டு ஒண்டு அடிச்சுக்கொண்டு அந்தத் தொங்கலுக்குப் போக வேணும். போய் முடிய, இஞ்சை முதல் அடிச்சது காய்ஞ்சிருக்கும். திரும்பி வந்து இடைவெளியை நிரப்பலாம். அதுக்குத்தான் பன்னிரண்டு மீற்றர். மேசை குட்டையெண்டால் நான் நிண்டு காத்திருக்க வேணும். காத்திருக்கிறது எனக்கு ஒத்துவராது."

அவர் தன் கதையை ஒழுங்காகச் சொன்னதே இல்லை. சட்டம் கழுவும்போது ஒரு துண்டு, மை கலக்கும்போது ஒரு துண்டு. எல்லாத் துண்டிலும் யாராவது ஒருவர் வந்து 'கொஞ்சம் குறையுங்கள்' என்று அவரிடம் கேட்பார். கேட்டவருடைய கதி என்ன என்பதுதான் மிச்சக் கதை.

இருபத்திரண்டு வயதில் லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. கடற்கரைக்கு ரயிலில் போகச் சொல்லும் சுவரொட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். இவர் வரைந்தது கடலுக்குள் இறங்கும் ஒரு தடித்த பெண்ணின் முதுகு. ரயில் ஒரு மூலையில் மூட்டைப்பூச்சி மாதிரி. பெண்ணை மெலிய வைத்து ரயிலைப் பெருப்பிக்கும்படி மேலாளர் சொல்லியிருக்கிறார்.

"என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"இன்னுமொரு பொம்பிளையைக் கூட்டினன். ரயிலுக்கு இடமில்லாமல் போச்சு."

"பிறகு?"

"பிறகு எனக்கு வேலையும் இல்லாமல் போச்சு."

அதன் பிறகு இங்கிலாந்தின் வடக்கே ஒரு திரைச்சீலை ஆலை. அவருடைய சிவப்பு வடிவம் ஒன்றை அமைதியாக்கித் தரும்படி முதலாளி கேட்டாராம். இரண்டு மீற்றர் வெள்ளைத் துணியை, ஒரு புள்ளிகூட அச்சிடாமல், மடித்து அனுப்பினார். 'இதைவிட அமைதியாய் எனக்கு வராது' என்று ஒரு கடதாசித் துண்டு.

ஹம்மர்பெஸ்ட்டுக்குக் கலியாணம் முடித்து வந்தவர். இரண்டு மாதம் சூரியனே எழும்பாத அந்த ஊரில், முதல் மாரியிலேயே செம்மஞ்சள் துணி அச்சிட்டுத் தெருப்பக்க யன்னல் முழுக்கத் தொங்க விட்டிருக்கிறார். அயலவர்கள் கதைக்கிறார்கள், சின்னதாய் ஒன்று போடலாமே என்று கணவர் சொன்னார். "மனுசன் இன்னும் ஹம்மர்பெஸ்ட்டிலைதான்" என்றார். "துணி இஞ்சை கிடக்கு." அந்த ஊரில் எனக்கு மீன், அவருக்குக் கணவர். இருவரும் தெற்கே தப்பி வந்தவர்கள் என்ற ஒரு சொந்தம் எங்களுக்குள் இருந்தது.

அவரை நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. அயலில் வைத்திருக்க லேசான ஆள் இல்லை. பொதுச் சலவை அறையின் தொட்டி எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். மூன்றாம் மாடி நோர்வேப் பெண்மணியின் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் ஒருநாள் இளஞ்சிவப்பாய் வெளியே வந்தன. எழுத்தில் முறைப்பாடு. விசாரித்து மன்னிப்புக் கடிதம் பெற்றுக் கொடுப்பது என் வேலை. அவர் கடிதம் எழுதவில்லை. விரிப்புகளை வாங்கிக்கொண்டு போய் இரத்தச் சிவப்பாய்ச் சாயம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப ஒரு இடத்திலையும் கறை தெரியாது." முறைப்பாடு மூடப்பட்டது என்று பதிந்தேன். அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு என்னிடம் எந்த முறைப்பாடும் கொண்டு வரவில்லை. பயம் என்று நினைக்கிறேன்.

ஒருமுறை எங்கள் பொங்கல் விழாக் குழுவை அவரிடம் கூட்டிப் போனேன். வாழ்க்கையில் தவிர்த்திருக்க வேண்டிய காரியங்களில் அது இரண்டாவது. முதலாவதைப் பிறகு சொல்கிறேன். குழு ஒரு பட்டியல் கொண்டு வந்திருந்தது. பிரதம விருந்தினர் படம், சிறப்பு விருந்தினர்கள் படம், தலைவர், உபதலைவர், பொருளாளர் படங்கள், உதவிய கடைகளின் பெயர்கள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டு வாரத்தில் வந்த சுவரொட்டியில் ஒரு கறுத்தப் பானை இருந்தது. பால் நுரைத்துப் பொங்கி, பானையை விட்டு, நெருப்பை விட்டு, கடதாசியின் கீழ் விளிம்பையும் விட்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது. எழுத்தில் விழாவும் இடமும் நாளும் மட்டும். அந்த எழுத்துக்களை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் கத்தியால் வெட்டி முழங்கை நீளத்துக்குப் பெருப்பித்திருந்தார்.

"எங்கட படங்கள் எங்கை?" என்றார் குழுத் தலைவர்.

"பானை பொங்கிறதுக்கு உங்கட படம் என்னத்துக்கு?"

"சரி, பாலாவது கொஞ்சம் பானைக்குள்ளை நிக்கிற மாதிரிக் கீறித் தரச் சொல்லுங்கோ" என்று தலைவர் என்னிடம் முறையிட்டார். "கடதாசிக்கு வெளியாலை ஊத்துது. பாக்கிற சனம் என்ன நினைக்கும்?"

"பொங்காத பானை எனக்குக் கீறத் தெரியாது" என்றார். பேச்சு முடிந்தது.

குழு விடவில்லை. ஒன்பது பேரின் தலைகளை ஒரு நீளத்துண்டில் அச்சடித்து ஒவ்வொரு சுவரொட்டியின் அடியிலும் ஒட்டியது. விழா அன்று அவர் ஒரு மணித்தியாலம் முந்தி மண்டபத்துக்கு வந்தார். கையில் வாளியில் சுடுதண்ணீர், பஞ்சு, சுரண்டும் தகடு. குழுத் தலைவர் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தத் தலைவருடைய தலையிலிருந்தே தொடங்கி ஒன்பது தலைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து இரண்டு கோப்பை பொங்கல் சாப்பிட்டார். அடுத்த வருடமும் குழு அவரிடமே போனது. "சனம் வந்ததல்லோ" என்றார் குழுத் தலைவர், என் முகத்தைப் பாராமல்.

இனி முதலாவதைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் மறுபடி போர் மூண்டது. தன் நிலத்தடிகளில் பாதுகாப்பு அறைகள் இருப்பது நோர்வேக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. விதி எளியது. சமாதான காலத்தில் அந்த அறையை எதற்கும் பாவிக்கலாம், கூட்டுறவு அதை அவருக்கு விட்டிருந்ததும் அப்படித்தான். ஆனால் உத்தரவு வந்தால் மூன்று நாளுக்குள் வெறுமையாக்கி ஆட்களுக்குத் தயார் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். எல்லாத் தொகுதிகளிலும் சரிபார்க்கத் தொடங்கினார்கள். எங்கள் கூட்டுறவுக்கு அப்போது புதிய தலைவி. இதே தொகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, கட்டடப் பொறியியலாளர், இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். குழந்தையில் நான் தூக்கித் திரிந்தவள் என்பதால் இங்கே அவள் என்கிறேன். கூட்டக் குறிப்பில் அவர்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: அறையில் உள்ளவை அசையும் பொருள்களா, நிலையான பொருத்துகளா? நான் படிவத்தோடு இறங்கிப் போனேன். மேசைமேல் விரித்திருந்த எண்ணெய்ச்சீலை சுவரிலிருந்து சுவர் வரை ஒரு தையல்கூட இல்லாமல் ஓடியது. ஓரங்கள் நிலம் வரை தொங்கின. அவர் வேலையில் இருந்தார், குழப்பவில்லை. 'நிலையான பொருத்து' என்ற பெட்டியில் அடையாளம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். முப்பத்தொரு வருட அனுபவம் குனிந்து பார்க்கவில்லை.

அந்த ஓர் அடையாளத்தை வைத்து, படிவங்களைச் சரிபார்க்கும் கட்டட ஆலோசகர் பதில் எழுதினார்: நிலையான பொருத்து அகற்றப்பட வேண்டும், வைகாசி முடிவுக்குள்.

"அங்கிள், அன்ரியிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை" என்றாள் தலைவி. "ஆனா இது சிக்கர்ஹெத் விசயம்." பாதுகாப்பு என்பதற்கு அவளுக்கு எப்போதும் நோர்வேச் சொல்தான் வரும். "ஒண்டு நடந்தால் இவ்வளவு சனமும் எங்கை போறது? என்ர ரெண்டு பிள்ளையளையும் அந்த மேசைக்குக் கீழையோ படுக்க வைக்கிறது?"

அவள் சொன்னது பிழை இல்லை. அதுதான் கஷ்டம். இப்படியான கஷ்டங்களுக்கு நகரசபையில் ஒரு வைத்தியம் உண்டு, பாதி. நான் ஒரு சமரசத் திட்டம் எழுதினேன். மேசையைப் பாதியாக வெட்டுவது. ஆறு மீற்றர் சுவரோரம், மிச்ச இடத்தில் சனம் இருக்க வாங்குகள். நிர்வாகக் குழுவில் எல்லோருக்கும் சந்தோஷம். தலைவி என் கையைக் குலுக்கினாள். நானே அதைக் கீழே கொண்டு போனேன்.

அவர் குழாயடியில் சட்டம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துத் தண்ணீரை நிறுத்தினார்.

"ஆறு மீற்றர்."

"ஓம்."

"ஆரின்ர யோசனை?"

"என்ர."

ஈரக்கையால் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்து வாசலுக்கு வெளியே நிறுத்தினார். இரும்புக் கதவைச் சாத்தினார். குண்டுக்கே தாங்கும் என்று சான்றிதழ் உள்ள கதவு அது, தட்டிப் பிரயோசனமில்லை. பதினொரு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஏறக்குறைய ஆறு தசாப்தத்தில் அவரைக் குறைக்கச் சொன்னவர்களின் நீண்ட வரிசையில், விளம்பர மேலாளருக்கும் ஆலை முதலாளிக்கும் ஹம்மர்பெஸ்ட் கணவருக்கும் பின்னால், நானும் போய் நின்றுகொண்டேன். அதுவும் நல்லெண்ணத்தோடு.

விசேட பொதுக்கூட்டம் கூடியது. நான்காவது விடயம்: பாதுகாப்பு அறை. அவருக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. எழும்பி நின்றார்.

"செக்ரெட்டரி, விதியை வாசியும்."

வாசித்தேன். மூன்று நாள்.

"இன்னொருக்கால்."

வாசித்தேன்.

"சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு எல்லாரும் வாருங்கோ. மணிக்கூடும் கொண்டு வாருங்கோ. மூண்டு நாளுக்குள்ளை அறை வெறுமையாகாட்டி மேசையையும் தூக்கிப் போடுங்கோ, என்னையும் தூக்கிப் போடுங்கோ. வெறுமையாச்செண்டால் பன்னிரண்டு மீற்றரும் இருந்த இடத்துக்குத் திரும்பி வரும். ஒரு சென்ரிமீற்றர் குறையாது."

"அன்ரி, அது நிலத்தோடை பூட்டின மேசையெல்லோ" என்றாள் தலைவி.

"ஆர் சொன்னது?"

"செக்ரெட்டரி ஃபோர்மிலை எழுதியிருக்கிறார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமாய் வந்து போறீர். ஒரு நாளாவது குனிஞ்சு பாத்தனீரோ?"

'செயலாளர் பதிலளிக்கவில்லை' என்று குறிப்பில் எழுதினேன். என் சேவைக்காலத்தில் நான் எழுதிய மிகத் துல்லியமான வசனம் அது.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவ மீனுக்கு உப்புப் பிரட்டிக்கொண்டிருந்தா.

"மூண்டு நாளோ?" என்றா. "வீட்டை விட்டு ஓடேக்கை எங்களுக்கு ஆர் மூண்டு நாள் தந்தது? பத்து நிமிசத்திலை தையல் மெசினையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனாங்கள்."

"அது வேறை. இவவுக்கு எழுபத்தொன்பது வயசு. தனிய என்னெண்டு..."

"இஞ்சாருங்கோ, உங்கட விதியிலை தனிய எண்டு கிடக்கோ?"

எழும்பிப் போய்ப் பார்த்தேன். இல்லை. அவ கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தா. நான்கு வீடுகளுக்குத்தான் எடுத்தா.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு நிலத்தடி வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். தமிழ்ப் பெண்கள், அவர்களுடைய புருஷன்மார், சோமாலியாக்காரர் ஒருவர், இரத்தச் சிவப்பு விரிப்பில் படுக்கும் மூன்றாம் மாடிப் பெண்மணி. தலைவி கைத்தொலைபேசியில் நேரத்தை ஓட விட்டாள்.

"அங்கிள், அன்ரிதானே செய்ய வேணும்? இது சரியோ?"

"வெறுமையாக்க வேணும் எண்டுதான் இருக்குப் பிள்ளை. ஆர் தூக்க வேணும் எண்டு இல்லை" என்றேன். அந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை.

அவர் ஒருவரையும் மேசையைத் தொட விடவில்லை. எண்ணெய்ச்சீலையைத் தானே சுருட்டினார். கீழே தடித்த கம்பளி, அதையும் சுருட்டினார். கம்பளிக்குக் கீழே எட்டுப் பலகைகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் சாப்பாட்டுக் கோப்பை அளவு இலக்கம், ஒன்று முதல் எட்டு வரை. ஒவ்வொன்றும் இரண்டு மரக்குதிரைகளில் இருந்தது. பலகையும் பலகையும் சேரும் ஏழு இடத்திலும் இரண்டிரண்டு திருகாணிகள், விரலால் சுழற்றிக் கழற்றும் செட்டை நட்டுகளோடு. நிலத்தில் ஒரு துளைகூட இல்லை. அவர் குனிந்து முதல் நட்டைச் சுழற்றி எடுத்து, நிமிர்ந்து, என் சட்டைப் பைக்குள் போட்டார். பதினான்கு நட்டுகளையும் அங்கேதான் போட்டார்.

மேசை போனபிறகு சுவர் நெடுக இருந்த தட்டுகள். கதவுக்குப் பக்கத்தில் புதியவை, உள்ளே போகப் போகப் பழையவை. ஆகவே அவருடைய தொழில் வாழ்க்கை பின்பக்கமாக வெளியே நடந்து வந்தது. முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கம்பிகள் நிறைந்தன. பிறகு வேலி, சைக்கிள் தாங்கி, ஊஞ்சல் கம்பம். முதலில் பஸ் வழியை மூடாதே என்ற சுவரொட்டி. அதன் பிறகு நூலகம், பெண்கள் ஊர்வலம், பொங்கும் பானை. அதன் பிறகு பத்து மீற்றர், பதினைந்து மீற்றர் துணிகள், கண்ணை மூடினாலும் தெரியும் நிறங்கள். அதன் பிறகு ஹம்மர்பெஸ்ட் யன்னல். ஆலையின் சிவப்பு. கடைசி மூலையில் ஒரு தகரக் குழாய். அதற்குள் கடலில் இறங்கும் இரண்டு தடித்த முதுகுகள், ரயில் இல்லாமல்.

"இவ்வளவுக்கும் மேலையோ நாங்கள் முப்பது வருஷமாய்ப் படுத்து எழும்பினது?" என்றா மனைவி.

தலைவி ஒரு மஞ்சள் துணிக்கு முன்னால் நின்றுவிட்டாள். அதில் கறுத்தக் கண்களோடு பெரிய பெரிய மீன்கள்.

"இது எங்கட பாலர் பள்ளிக்கூடத் திரைச்சீலை" என்றாள். "நித்திரை கொள்ளுற அறையிலை தொங்கினது. இதைப் பாத்து எனக்கு ஒரு நாளும் நித்திரை வந்ததில்லை."

"நல்லது" என்றார் அவர். "நித்திரையாக்க நான் துணி அடிக்கிறேல்லை."

பின்னேரம் மூன்று நாற்பதுக்குக் கடைசித் தட்டு வெளியே வந்தது. ஆறு மணித்தியாலம் நாற்பது நிமிடம், இடையில் தேத்தண்ணீர், வடை உட்பட. தலைவி அறைக்குள் போனாள். சுவர், நிலம், விளக்கு. அவளுடைய பிள்ளைகள் உள்ளே ஓடிப்போய்க் கத்தி எதிரொலி கேட்டார்கள். வெறும் பங்கருக்குள் நான் அதிக நேரம் நிற்பதில்லை, வெளியே வந்துவிட்டேன். அவள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து, எழுதுங்கோ அங்கிள் என்றாள்.

ஆறாம் இலக்கப் பலகையை இரண்டு குதிரைகள்மேல் போட்டு முற்றத்திலேயே எழுதினேன். சோதனை வெற்றியளித்தது. எட்டுப் பலகைகளும் அசையும் பொருள்கள். முழு நீளத்தில் மேசையை மீண்டும் அமைக்க அனுமதிக்கப்படுகிறது, மறு அறிவித்தல் வரை.

"வாசியும்" என்றார் அவர்.

வாசித்தேன்.

"கடைசி மூண்டு சொல்லையும் வெட்டும்."

"அது எல்லாத் தீர்மானத்திலையும் போடுறது அன்ரி" என்றாள் தலைவி. "ஒரு வழக்கம்தான்."

"அந்த வழக்கம் எனக்குத் தெரியும். லண்டனிலை வேலை தந்தவங்கள், மறு அறிவித்தல் வரை. ஆலையிலை தந்தவங்கள், மறு அறிவித்தல் வரை. இஞ்சை இருக்க விட்டவங்கள், மறு அறிவித்தல் வரை. இது அப்பிடியில்லை. நான் வெண்டு எடுத்தது. மேசை நிக்கும். முற்றுப்புள்ளி."

நான் பேனையை வைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் அந்த மூன்று சொற்களை என்னளவு எழுதியவர்கள் குறைவு. நான் இங்கே தங்கலாம் என்று முதன்முதல் வந்த கடிதத்திலும் அவைதான் கடைசி வரி. அதை எட்டு வருடம் பைக்குள் வைத்துத் திரிந்தேன். தலைவியைப் பார்த்தேன். அவள் முற்றத்தைப் பார்த்தாள். மஞ்சள் மீன்களுக்குக் கீழால் அவளுடைய பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கூட்ட நடைமுறையில் அதற்கு 'ஆட்சேபனை இல்லை' என்று பெயர்.

வெட்டினேன். மெல்லிய கோடு போதும். நான் தடிப்பாகப் போட்டேன். அவர் வாங்கி, என் பெயர், தலைவியின் பெயர், திகதி எல்லாவற்றையும் மூடிக் கையெழுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்த மேசையில் அச்சிட்டார். போன மாசியில் போய்விட்டார். ஓர் அருங்காட்சியகத்திலிருந்து ஆட்கள் வந்து, கையுறை போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, நாற்பது துண்டுகளைத் தெரிந்தெடுக்க விரும்புவதாகச் சொன்னார்கள். மரண சாசனத்தை நான் காட்டினேன். எல்லாம், அல்லது ஒன்றும் இல்லை. யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.

தலைவியின் காலம் முடிந்து இப்போது வேறொருவர். இந்த மாதம் அவருடைய கடிதம் வந்தது. பாவனையாளர் காலமாகிவிட்டதால் அறையின் அனுமதி தானாகவே முடிவடைந்துவிட்டது என்று கருதலாமா, மேசை எப்போது அகற்றப்படும் என்று கேட்டிருந்தார். மரியாதையான கடிதம். நானும் மரியாதையாகப் பதில் எழுதினேன். தீர்மானம் மேசைக்கு வழங்கப்பட்டது, ஆளுக்கு அல்ல. அதில் முடிவுத் திகதி கிடையாது. மாற்றுவதானால் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். சனிக்கிழமைகளில் அந்த அறைக்குள் யார் யார் என்ன நிறத்தில் என்ன அச்சடிக்கிறார்கள் என்பது எந்தக் குறிப்பிலும் இல்லை, செயலாளர் நான்.

கடிதத்தைப் போட்டுவிட்டு வாசல் வாசலாகப் போய் வாக்குகளை எண்ணியும் பார்த்துவிட்டேன். அவர்களுக்குக் கிடைக்காது.